பதினாலு வயசுத் தோழி, அறுபது வயசுத் தோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் தோழியும் 1978ல் வேலூரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். நான் வேலூரிலேயே இருந்து, அரசுப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவள் ஆரணியில் ஒரு நெசவு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். இன்றுவரை எங்களுக்குள் போக்குவரத்து விட்டுப்போகவில்லை. இதைக் கேள்விப்படுகிறவர்கள், அதாவது என்னிடம் படித்த பெண்கள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும், ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை அடியில் கொடுத்திருக்கிறேன்.

1. எப்படிப் பழக்கமானீங்க? ரெண்டு பேரும் ஒரே தெருவா?

இல்லை. நான் கொசப்பேட்டை. அவள் விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வகுப்பில் உயரத்தின்படி உட்கார வைத்தார்கள், நாங்கள் இருவரும் ஒரே உயரம். வேறு எந்தக் காரணமும் கிடையாது.

அப்புறம் ஒரு அதிர்ஷ்டம். எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடித்ததும் பி.யு.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்புக்காகக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். பாதிப் பெண்களை அதோடு நிறுத்திவிடுவார்கள். 1978ல்தான் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது. அதனால் நாங்கள் பன்னிரண்டு வரை அதே பள்ளி, அதே பெஞ்ச். அந்த வயதில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு வருஷம் சின்ன விஷயம் இல்லை.

2. அந்த வயசுப் பழக்கம் எல்லாம் விளையாட்டுத்தனம் தானே? அது எப்படி நிலைக்கும்?

பெரும்பாலும் நிலைப்பதில்லை, அது உண்மைதான். என் வகுப்பில் இருந்த மற்றவர்களில் பலரை நான் மறுபடி பார்த்ததே இல்லை. ஆனால் விளையாட்டுத்தனம் என்று தள்ளுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா, அப்பா, அண்ணன், தெரு எல்லாம் நமக்குக் கொடுக்கப்பட்டவை. நாமாகப் பார்த்து ஒருத்தரைப் பிடித்துக்கொள்வது முதன்முதலில் அந்த வயதில்தான் நடக்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் அதிகம் வருகின்றன என்று உளவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். என் வகுப்பறை அனுபவமும் அதேதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஏற்படும் பிரிவு, வீட்டில் ஒரு சாவு நடந்த அளவுக்கு அவளைப் புரட்டிப் போடும். பெரியவர்கள் அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது.

ஆனால் அந்த ஆசை மட்டும் போதாது. பிறகு யாராவது ஒருத்தர் எழுந்து போய் நிற்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

3. வீட்ல சேர்த்தாங்களா? அந்தக் காலத்துல சாதி பார்ப்பாங்களே?

பார்த்தார்கள். முதல் நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் ஆயா, அதாவது பாட்டி, பெயரைக் கேட்கவில்லை. "நீ எந்தத் தெருப் பொண்ணு?" என்று கேட்டார். நம்ம பக்கம் தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. தெருப் பெயரைச் சொல்லிவிட்டுத் தலை குனியாமல் நின்றாள். என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, நாங்கள் சாப்பிடும் தட்டுகளில் ஒன்றை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆயாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழம்பை ஊற்றினார், அவ்வளவுதான். ஆயா முணுமுணுத்துக்கொண்டே திண்ணைக்குப் போய்விட்டார்.

எங்கள் நட்பு நிலைத்ததற்கு என் அம்மாவைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற பழக்கம் பரீட்சையோடு முடிந்துவிடும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் அவ்வளவு சீக்கிரம் அறுந்து போவதில்லை. பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: அவள் கூட்டிவரும் தோழியை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் சாப்பாடு போடுங்கள்.

4. கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார் வீட்ல எப்படி விட்டாங்க? எங்களுக்கெல்லாம் அங்கதான் கட் ஆகுது.

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. ஆண்களுக்கு ஊரும் தெருவும் மாறுவதில்லை, கூட்டாளிகளும் மாறுவதில்லை. நமக்கு ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுகிறது. அவளுக்கு 1984ல் கல்யாணம். ஆரணி 40 கிலோமீட்டர்தான், கண்ணமங்கலம் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம். ஆனால் புது மருமகளைப் பார்க்கச் சும்மா போய் நிற்க முடியாது.

நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். முதலாவது, கவரில் வைத்துக் கடிதம் எழுதவில்லை. 15 பைசா அஞ்சலட்டையில்தான் எழுதினேன். மூடிய கடிதம் வந்தால் மாமியாருக்கு மனதில் ஏதாவது தோன்றும். திறந்த அட்டையை வீட்டில் படிக்கிற பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். அதனால் முதல் வரி மாமியாருக்கு, "அத்தைக்கு வணக்கம், முட்டி வலி எப்படி இருக்கிறது?" என்று. கடைசி இரண்டு வரிதான் அவளுக்கு. அந்த அத்தையே கொஞ்ச நாளில், "வேலூர்க்காரி இன்னா எழுதல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது, போனால் வேலை நேரத்தில்தான் போவேன். அந்த வீட்டில் குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்தால், பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையைச் சேர்த்து, ஒரு திருகு, ஒரு மடக்கு, அடுத்தது. கண் இழையை விட்டு அகலக் கூடாது, ஆனால் வாய் சும்மாதான் இருக்கும். எங்கள் பேச்செல்லாம் அப்போதுதான் நடந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் பேசும்போது சொல்ல முடியாததைக்கூடச் சொல்லிவிடலாம். கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மருமகள் வேலை செய்கிறாள் என்ற திருப்தி, எங்களுக்கு மத்தியானம் முழுக்க எங்களுடையது.

உங்கள் வீட்டில் தறி இல்லை, சரி. பூ கட்டுவது, வடாம் பிழிவது, குழந்தையைத் தூங்க வைப்பது என்று ஏதாவது வேலை இருக்கும். அதில் கூட உட்காருங்கள். "பிரண்டு வந்திருக்கா" என்று தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டால்தான் வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

5. போன் கூட இல்லாத காலத்துல அவசரம்னா என்ன பண்ணுவீங்க?

அஞ்சலட்டை பற்றி மேலே சொல்லிவிட்டேன். எண்பதுகளின் கடைசியில் எஸ்.டி.டி. பூத் வந்தது. அவள் தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தது. அந்த எண்ணை பி.பி. நம்பர் என்று எழுதி வைத்துக்கொண்டு, ராத்திரி கட்டணம் குறைந்த பிறகு கூப்பிட்டு, அவளை அழைத்துவரும்வரை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். அதனால் வீண் பேச்சு இல்லை. இன்றைக்கு இருக்கிற வசதி நல்லதுதான், பழையதுதான் உசத்தி என்று நான் சொல்லவே மாட்டேன்.

6. தினமும் பேசுவீங்களா?

இல்லை. சில மாதம் தினமும் பேசுவோம், சில மாதம் பேச்சே இருக்காது. பேச்சு இல்லாவிட்டாலும் கொடுக்கல் நிற்காது. அறுவடை முடிந்தால் அவள் களம்பூர் அரிசி மூட்டையை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். நான் போகும்போது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிப் போவேன். பிறந்த ஊர்ப் பக்கத்துக் காய் இல்லாமல் அவளுக்குக் குழம்பு குழம்பே இல்லை. அதற்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தபோது, தன் வீட்டுப் பிள்ளை பாஸ் பண்ணின மாதிரி போன் பண்ணிச் சொன்னாள்.

7. சண்டையே வராதா? உண்மையைச் சொல்லுங்க.

வந்தது. பெரிய சண்டை. அவளுக்குக் குழந்தை இல்லை, கொழுந்தன் மகளை வளர்த்தாள். அந்தப் பெண் பத்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் கூடாது என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அவளுக்குக் கோபம் வந்தது. "நான் பெத்தவளா இருந்தா இப்படி வந்து கேப்பியா?" என்றாள். அதற்குப் பிறகு அட்டை இல்லை, போன் இல்லை, அரிசி இல்லை.

அவள் மாமியார் தவறிப்போன செய்தி வந்த அன்று கிளம்பிப் போனேன். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று நம்ம ஊரில் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. பேச்சு நின்றுபோன இரண்டு வீடு மறுபடி ஒட்டிக்கொள்ள அது ஒரு வாசல். அங்கே யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். எனக்கு அஞ்சலட்டை எழுத வைத்த அத்தை இல்லையா? காரியம் முடிந்து அடுப்பு பற்ற வைத்தபோது நான்தான் உலை வைத்தேன். அந்தப் பெண் பிறகு பிளஸ் டூ முடித்தாள். யார் சொன்னது சரி என்று நாங்கள் இதுவரை பேசவில்லை. பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

8. பிரண்டுகிட்ட பணம் கொடுக்கல் வாங்கல் வெச்சுக்கலாமா?

கையில் இருப்பதைக் கொடுங்கள், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் அளவுக்கு. அதற்கு மேல் என்றால் கடன் என்று சொல்லி, தேதி போட்டு, இரண்டு வீட்டு ஆண்களுக்கும் தெரிந்தே கொடுங்கள்.

ஆனால் அவளை எதிலும் பணம் போடச் சொல்லாதீர்கள். அதிக வட்டி என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்களில் நம்ம பக்கம் எத்தனையோ குடும்பங்கள் பணத்தை இழந்தன. பலரும் விளம்பரம் பார்த்துப் போடவில்லை, தெரிந்தவர் சொன்னார் என்றுதான் போட்டார்கள். பணம் போனதோடு அந்தத் தெரிந்தவரும் போனார்.

9. நீங்க கவர்மென்ட் சம்பளம், அவங்க நெசவு. இடைவெளி வராதா?

வரும், அதை இல்லை என்று நடிக்கக் கூடாது. எனக்கு சம்பளக் கமிஷன் வந்தது. அவளுக்குப் பட்டு விலை ஏறினால் வேலை குறையும், மழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறித் தறி நிற்கும். நான் தாராளமாகக் கொடுத்தால் அவளுக்குக் கூசும், கொடுக்காவிட்டால் எனக்கு உறுத்தும்.

என் மகள் கல்யாணப் புடவையை அவள் வீட்டில்தான் நெய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் கூலிக்கு நெய்கிறவர்கள் வீட்டில் தறியில் இருக்கும் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது, புடவையும் அவருடையது. அதனால் பட்டுக்கும் ஜரிகைக்கும் முன்பணம் கொடுத்து, கூலி ஊரில் என்ன நடப்போ அதையே கொடுத்தேன். நட்புக்காகக் குறைக்கவும் இல்லை, இரக்கப்பட்டுக் கூட்டவும் இல்லை. அவள் என்னிடம் சொல்லாமல் ஒரு ரவிக்கைத் துணி அதிகமாக நெய்து வைத்திருந்தாள். அதற்கு நான் விலை கேட்கவில்லை. வேலைக்குக் கூலி, அன்புக்கு அன்பு என்று அன்றைக்குப் பிரித்துக்கொண்டது இன்றுவரை உதவுகிறது.

10. உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க, அவங்களுக்கு இல்ல. அவங்க மனசு கஷ்டப்படாதா?

பட்டது. நான் மாசமாக இருந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது என்று நேரில் போய்ச் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் பின்னால் போகவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஊரான விரிஞ்சிபுரத்தில் கார்த்திகை கடைசி ஞாயிறு, கடை ஞாயிறு, பெரிய விசேஷம். குழந்தை வேண்டுகிற பெண்கள் நள்ளிரவில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரப் புடவையோடு மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் படுப்பார்கள். கனவில் பழமோ பூவோ கண்டால் குழந்தை வரம் என்று நம்பிக்கை. ஒரு வருஷம் அவள் போனபோது துணைக்கு நான் போனேன். கார்த்திகைக் குளிர், கீழே கல். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் ஈரத்தோடு படுத்திருந்தார்கள். அவள் பல் கிட்டிக்கொண்டிருந்தது. வேண்டுதலுக்குப் படுத்திருப்பவளை நான் தொடலாமா என்று தெரியாமல், அவள் தலைமாட்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் "தூக்கமே வரலடி, அப்புறம் எங்க கனவு" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

என் பிள்ளைகள் அவளை ஆரணிப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோடை விடுமுறை முழுக்க அவள் வீட்டில் கிடப்பார்கள். அதனால் அவள் துக்கம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன், அப்படித் தீராது. பிள்ளைகளை ஒளித்து வைக்காமல் இருந்தேன், அவள் ஒதுங்கும்போது விட்டுவிட்டேன். என்னால் முடிந்தது அதுதான்.

11. என் வீட்டுக்காரருக்கு என் பிரண்டைப் பிடிக்கல. என்ன பண்றது?

பிடிக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள். அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று கவனியுங்கள். பல வீடுகளில், "வீட்டு விஷயம் வெளியே போகுது" என்பதுதான் பயம். அவர் சம்பளம், அவர் தங்கை கல்யாணம் இதெல்லாம் தோழி வாயிலிருந்து ஒரு நாள் வந்துவிட்டால் கதை முடிந்தது. அவளிடம் உங்கள் மனதைச் சொல்லுங்கள், அவர் ரகசியத்தைச் சொல்லாதீர்கள். ஆனால் அவர் கை நீட்டுகிறார், அதனால்தான் தோழியைத் தடுக்கிறார் என்றால், அந்தத் தோழியைக் கண்டிப்பாக விடாதீர்கள்.

12. மிஸ், எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் இருக்கோம். ஆனா யாரும் மனசு விட்டுப் பேசறதில்லையே?

அது கூட்டம்மா. கூட்டத்தில் குட் மார்னிங்தான் சொல்ல முடியும். அதில் உனக்கு வேண்டியவள் ஒருத்தி இருப்பாள். அவளைத் தனியாகக் கூப்பிடு.

13. இருபது வருஷம் விட்டுப் போச்சு. இப்போ போய்த் தேடலாமா? தப்பா நினைப்பாங்களா?

தேடுங்கள். அவள் இருக்குமிடம் தெரியாவிட்டால் அவள் அம்மா வீட்டுக்குப் போங்கள். அம்மா இல்லாவிட்டாலும் அண்ணன் இருப்பார், அண்ணனும் இல்லாவிட்டால் எதிர் வீட்டில் ஒரு கிழவி இருப்பார், அவருக்கு எல்லாம் தெரியும். ஊர்த் திருவிழாவுக்குப் பெண்கள் தாய்வீடு வருவார்கள். குடியாத்தத்துக்காரி என்றால் வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று ஊரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

போனதும் "ஏன் விட்டுட்ட?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் சொல்ல முடியாத வருஷங்கள் அதில் இருக்கலாம். பழைய கதையைப் பேசுங்கள், இப்போது என்ன சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். மற்றது தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

14. வயசான காலத்துல பிள்ளைங்க இருக்காங்களே, பிரண்டு எதுக்கு?

எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது மகன் பணம் கட்டினான், மகள் பக்கத்தில் இருந்தாள். தோழி முதல் பஸ்ஸில் வந்து, இரவு தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது, எனக்கு மட்டும் சொல்லு" என்றாள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அதுவரை நான் வலி இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பழகியபோது வேலூர், ஆரணி எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989ல் பிரித்து ஆரணியைத் திருவண்ணாமலையோடு சேர்த்தார்கள். எங்களுக்கு அது காகிதத்தில்தான் இருந்தது. 2020 ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்றார்கள். கல்யாணம், சாவு, வைத்தியம் என்று காரணம் கேட்டார்கள். தோழியைப் பார்க்க என்று ஒரு காரணம் அதில் கிடையாது. அந்த மாதங்களில்தான், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தும், எனக்கு யார் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது.

15. எப்பவும் நான்தான் முதல்ல கூப்பிடறேன், நான்தான் போறேன். நிறுத்திடலாமா?

இரண்டாம் பதிலில் யாராவது ஒருத்தர் எழுந்து போய் நிற்க வேண்டும் என்றேன். அது சமமாக நடக்காது. அவளுக்குக் கல்யாணமான புதிதில் பல வருஷம் நான் மட்டும்தான் போனேன். அவளுக்கு வெளியே வர முடியாது. பிறகு என் மாமனார் படுக்கையில் விழுந்தபோது, வருஷக்கணக்காக அவள்தான் வந்தாள். அப்போது கணக்குப் பார்த்திருந்தால் முதல் மூன்று வருஷத்திலேயே நான் நிறுத்தியிருப்பேன்.

அதனால் எத்தனை முறை நீங்கள் போனீர்கள் என்று எண்ணாதீர்கள். போனால் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தால், அவளால் வர முடியவில்லை என்று அர்த்தம், தொடர்ந்து போங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அவள் கடிகாரத்தைப் பார்த்தால், அடுத்த தடவையும் அப்படியே இருந்தால், கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டு வராதீர்கள், "வரேன்டி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். போனில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, நேரில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். வாரநாளில் பதினோரு மணிக்கு, சமையல் பாதியில் இருக்கும்போது போங்கள்.